ஸ்டீயரிங் ஆட்டம்: இரண்டாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

ஐயா, உங்கள் விபத்து அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துப் பட்டறையைக்கூடப் பூட்டாமல் வந்திருக்கிறேன். நீங்கள் எழுத்தரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டீர்கள். அதுவும் நல்லதுதான், முறையாகவே சொல்கிறேன்.

விபத்துக்குக் காரணம் ஸ்டீயரிங் பாக்ஸ் பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்ஸில் ஒரு பழுதும் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஓடிய பிக்கப் வண்டியில் அவ்வளவு ஆரோக்கியமான பாக்ஸை நான் பார்த்ததே கிடையாது. வாயில்லாத இரும்புதானே என்று பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டீர்கள்.

எனக்கு இந்தத் தொழிலில் முப்பத்தொரு வருடம். எஞ்சின் பார்க்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஸ்டீயரிங் என்றால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். என் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நட்டை முறுக்கி, அது கழலாமல் இருக்க ஸ்ப்ளிட் பின்னைச் செருகி, பின்னின் இரண்டு கால்களையும் மடக்கிய பிறகு, நட்டின்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு இருந்தால் இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டியதில்லை என்று அர்த்தம்.

வண்டி என் சம்பந்தியுடையது. என் ஒரே மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். செடிப் பண்ணை வைத்திருக்கிறார், தொட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பிக்கப்பில்தான் சுற்றுவார். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடி, சூது, வம்பு எதுவும் கிடையாது. 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்தபடியே டாக்டருக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தவர்.

ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுத் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குத் தகவல் போய்ச் சேர்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பிடிபடாத ஆட்டம் விரலுக்குப் பிடிபடும்.

மேலே சம்பந்தி உட்கார்ந்தார். நான் கீழே படுத்தேன். ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருந்து திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்துகிற பெட்டிதான் பாக்ஸ்; அதற்குள் போன அசைவு அப்படியே மறுபக்கம் வெளியே வந்தது, குறையில்லை. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற கம்பிக்கு டை ராடு என்று பெயர். அதன் முனையில் இருக்கும் உருண்டை மூட்டைப் பால் ஜாயிண்ட் என்போம். இடது பக்கத்து ஜாயிண்ட், விழப்போகிற பால் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, இடது பக்கம் பால் ஜாயிண்ட் தேஞ்சு போச்சு. மாத்திட்டா சரியாயிடும்" என்றேன்.

"இல்லைங்க சம்பந்தி, இது பாக்ஸ். நான் நாலு வீடியோ பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். மேல ஒரு ஸ்க்ரூ இருக்கும் பாருங்க, அதை அரைத் திருகு திருகிவிடுங்க, போதும்."

பட்டறையில் மூன்று நாலு பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பெண்ணைக் கொடுத்த இடம். பல்லைக் கடித்துக்கொண்டு அரைத் திருகு திருகிவிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஆட்டம் அப்படியே இருந்தது, அதோடு ஸ்டீயரிங்கும் இறுகியிருந்தது. எதிர்பார்த்ததுதான். "அரைன்னு சொன்னேன், நீங்க முக்கால் திருகிட்டீங்க போல" என்றார். மறுபடியும் ஜாயிண்ட் என்றேன். மறுபடியும் பாக்ஸ் என்றார். தொட்டிகளை இறக்க வேண்டும், பிறகு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை என் பேத்திக்கு முதல் பிறந்த நாள். வீடு நிறைய ஆட்கள். சம்பந்தி கூடத்தின் நடுவில் நின்று என் தோளில் கை போட்டுக்கொண்டார். "எங்க சம்பந்திக்குத் தங்கமான கை. ஆனா என்ன பழுதுன்னு கண்டுபிடிக்கத்தான் வராது. நான் மேல உக்காந்து சொல்லுவேன், அவர் கீழ படுத்துச் செய்வார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். சிரித்தபடியே என்னைப் பார்த்தாள், பார்த்த பிறகும் சிரித்தாள்.

அது எனக்கு வலித்தது, ஐயா. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சின்னப் பெண்ணாக இருந்தபோது, "எங்கப்பா தொட்டா எந்த வண்டியும் நேராப் போகும்" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

திங்கட்கிழமை நானே வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். புது ஜாயிண்ட் போட்டேன். பாக்ஸின் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தேன். பின் செருகினேன், பொட்டு வைத்தேன். சம்பந்தி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினார், முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே, பாக்ஸ்தான்னு. இப்பத்தான் ஒழுங்கா திருகியிருக்கீங்க."

கழற்றிய ஜாயிண்டை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். "அது கிடக்குது விடுங்க, வயசானா எல்லாந்தான் ஆடும்" என்றார்.

நான் குரலை உயர்த்தவில்லை. "ஒரு நிமிஷம் குழி மேல ஏத்துங்க சம்பந்தி, கடைசியா ஒருதரம் பாத்துடறேன்" என்றேன். ஏற்றினார். அவர் மேலே ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழிக்குள் இறங்கிப் பின்னை உருவினேன். நட்டைத் திருப்தியாக இருக்கும் அளவுக்குத் தளர்த்தினேன். மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கவலையில்லை" என்றேன்.

என்னைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். ஜாயிண்ட் எது, பாக்ஸ் எது என்று அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். சொல்லித் தெரியாதவருக்குப் பட்டால்தான் தெரியும். பட்ட பிறகு அதைத் தெரிந்துகொள்ள அவர் இருப்பாரா என்ற கேள்வி எனக்கும் வந்தது. யோசித்தேன். சரியான பதில் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

நான் பொறுப்பில்லாதவனும் அல்ல. மகளுக்கு முன்கூட்டியே ஃபோன் செய்து கேட்டுக்கொண்டேன்.

"அந்தப் பிக்கப்புல நீயோ பாப்பாவோ போறதுண்டாம்மா?"

"இல்லப்பா. முன் சீட்டுலகூடத் தொட்டிதான் இருக்கும். ஏம்ப்பா?"

"சும்மாதாம்மா."

அது ஞாயிற்றுக்கிழமை காலை. எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். ஆமாம், வண்டி வந்தது திங்கட்கிழமை. கிழமையைச் சரியாகத்தான் சொன்னேன், எழுதிக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தி செய்த காரியத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பாக்ஸ் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொல்ல அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. வண்டியை நேரே எதிர்ப்பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். எதிர்ப்பட்டறைக்காரன் ஒன்பது வருடம் என்னோடு வேலை பார்த்தவன், பிறகு எனக்கு எதிரிலேயே கடை போட்டான். தொழிலில் போட்டி இருந்தாலும், பார்க்கும்போதெல்லாம் அண்ணே அண்ணே என்றுதான் இருப்பான்.

அவன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உள்ளே எட்டிப் பார்த்தானாம். "அண்ணன் பொட்டு வச்சிருக்காரு. அப்புறம் நான் என்னத்தைப் பாக்கறது?" என்றானாம். எழுந்து, சாவியை வாங்கிக்கொண்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறக்கத்தில் விட்டிருக்கிறான். தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு சக்கரம் திரும்பியது, இன்னொன்று திரும்பவில்லை. மீதியை நீங்கள்தான் அளந்து படம் போட்டிருக்கிறீர்களே.

சாவு வீட்டில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொட்டுன்னா அவருக்கு வேதவாக்குண்ணே" என்று அழுதாள். நானும் அழுதேன். நடிப்பு இல்லை. இந்த ஊரில் என் வேலையின் அருமை தெரிந்த ஒரே ஆள் அவன்தான். போகிற நேரத்திலும் அதை நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஜாயிண்ட் மோதலில் கழன்றது என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தீர்கள். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நேற்று சம்பந்தி உங்கள் அறிக்கையின் நகலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். என் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"படிங்க சம்பந்தி. ஆபீசரே எழுதியிருக்காரு, பாக்ஸ்தானாம். நான் மொத நாளே சொன்னேனா இல்லையா?"

என் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாமா அப்பவே சொன்னாருப்பா. நீங்க கொஞ்சம் காது குடுத்துக் கேட்டிருந்தா ஒரு உயிர் போயிருக்காது" என்றாள்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஓர் உயிர் போனது என் கணக்கில் எழுதப்பட்டால் பரவாயில்லை, ஐயா. அது நியாயம். ஆனால் பாக்ஸைக் கவனிக்காமல் விட்டேன் என்று என் மகள் ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

இதோ அந்தப் பின். அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மோதலில் போனதாக இருந்தால் அறுந்திருக்கும். இதன் கால்கள் இரண்டும் எவ்வளவு நேராக இருக்கின்றன பாருங்கள். குறடால் நிமிர்த்தி, கையால் உருவியது. தெரிந்தவன் செய்த வேலை என்று பார்த்தாலே தெரியும்.

பொட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். நட்டைத் தளர்த்தியபோது முதலில் வைத்த பொட்டு கலைந்துவிட்டது. வண்டியை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன். பொட்டில்லாத வண்டி என் பட்டறையிலிருந்து போனது என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

எங்கே கையெழுத்து? கொடுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால் பாக்ஸ் என்பதை அடித்துவிட்டு, இடது பால் ஜாயிண்ட் என்று எழுதுங்கள், என் கண் முன்னாலேயே எழுதுங்கள். என் மகளுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். இன்று நான் சொன்ன மற்றதையெல்லாம் அவள் படிக்க வேண்டாம், வீணாக மனசு கஷ்டப்படும். இரண்டாம் பக்கம் மட்டும் போதும்.