கோழி தின்னும் கடல்

நாமக்கல்லில் கிளம்பிய பேருந்து ராசிபுரம் தாண்டியதும் முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதன் பிறகு நான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

"எங்கூட்டுக் கோழி கடலத் திங்குதுங்க மிஸ்னு சொல்றா என்ற கிளாஸ் புள்ளை ஒருத்தி!"

சொன்னவர் ஆசிரியை. மடியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு. பக்கத்திலிருந்தவரும் அதே பள்ளிதான் போலும்.

"அப்படி என்னத்த நடத்துனீங்க?"

"கடலைக் காப்பாத்தற பாடமுங்க. குஞ்சு மீனையெல்லாம் அள்ளுனா கடல் காலியாயிரும், மீனுக்குப் பதிலா நம்மூரு முட்டையத் தின்னுங்கன்னு பெருமையா போர்டுல எழுதிப் போட்டேன்."

"செரியாத்தானுங்க எழுதியிருக்கீங்க."

"மறுநாளு அவங்கப்பா கோழிப்பண்ணையில தீவனத்துக்கு அரைக்கற கருவாட்ட ஒரு பை கொண்டாந்து மேசையில கொட்டுனா. அத்தனையும் என்ற நகத்தளவு குஞ்சு மீனுங்க!"

"அய்யோ! அதத் தின்னுட்டா நம்ம கோழி முட்டையிடுது?"

"அதோட உட்டாளா? எங்கப்பா இன்னும் ரெண்டு ஷெட்டு போடறாருங்க மிஸ், அதுக்கு இன்னொரு கடல் எங்கீங்க இருக்குதுன்னு கேக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ கேட்ட கேள்வியவே போர்டுல எழுதிப் போட்டேனுங்க. பெல்லடிச்சும் ஒரு புள்ளைகூட எந்திரிக்கல."