மேரு பட்டறை நாகையா மீது நான் கொடுத்த புகார்

என் பெயர் சஃப்வான் பின் அப்துல் ரஹ்மான். வயது 47. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கம்பளமும் திரைச்சீலையும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கடையின் மேல்மாடியில் மனைவி தஸ்லீமாவுடன் குடியிருக்கிறேன். நான் தமிழில் சொல்ல, கார்ப்பரல் சிவேந்திரன் எழுதிக்கொள்கிறார். 2025 ஜூன் 12ஆம் தேதி இதே போலீஸ் நிலையத்தில் நான் கொடுத்த புகாரைப் பற்றி, நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

4172 என்ற எண்ணில் முடியும் வெள்ளைக் கார் என்னுடையது. மார்ச் கடைசியில் காப்பாருக்குச் சரக்கு கொண்டுபோனபோது, பாலம் ஏறும் இடத்தில் கார் இழுக்கவில்லை. பின்னால் வந்த லோரி ஹாரனை விடாமல் அடித்தது. சரக்கின் கனம் என்று நினைத்தேன். மறுநாள் காலிக் காரும் அப்படித்தான் ஓடியது. அதன் பிறகு ஷா ஆலாமில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, ஹைவேயில் மற்ற கார்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. "நடந்து வந்திருந்தா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்போம்" என்றார் மனைவி.

ஏப்ரலில் மேருவில் பட்டறை வைத்திருக்கும் நாகையாவிடம் காரைக் கொண்டுபோனேன். என் காரை ஏழு வருடமாக அவர்தான் பார்க்கிறார். அவர் எண்ணெய்க் கறை படக்கூடாது என்று காருக்குள் காலடியில் கிடந்த கம்பளத்தை எடுத்துப் பின்னால் வைத்தார், அங்கே பழைய பேப்பரை விரித்தார், ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றினார். அதன் பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். கார் நன்றாக இழுத்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே மறுபடியும் மக்கர் செய்தது.

மே மாதம் இரண்டாவது முறை போனேன். பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ என்று நான்கு சக்கரத்தையும் ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். கியர் எண்ணெய் மாற்றினார். ஓட்டிக் காட்டும்போது, "இதுக்கு மேல பறக்கணும்னா சுபாங்ல போய் பிளைட் ஏறுங்க லா பாய்" என்றார். அன்றும் நான் ஓட்டிப் போகும்போது பழையபடிதான்.

ஜூன் 12ஆம் தேதி மூன்றாவது முறை. புது ஃபியூவல் பம்ப் மாட்டினார். ஓட்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது. அதன் பிறகு நான் கவுண்டரில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்து காரை எடுத்தேன். மேரு சிக்னல் வருவதற்குள் கார் இழுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பம்ப்பை மாற்றிவிட்டார் என்று முடிவு செய்தேன். திரும்பிப் போய், ஐந்தாறு வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, "புதுப் பம்ப்ப கழட்டிட்டு பழச மாட்டிட்டியா? திருடன்!" என்று சத்தம் போட்டேன்.

"பத்து நிமிஷத்துல பம்ப்ப மாத்த நான் என்ன மேஜிக்காரனா? பம்ப்பு பின் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு, சீட்டத் தூக்கிக் காட்டுறேன், வந்து பாருங்க பாய்" என்றார். நான் பார்க்கவில்லை. நேராக இங்கே வந்து புகார் கொடுத்தேன். மறுநாள் அவரைப் பட்டறையிலிருந்து விசாரணைக்கு அழைத்து வந்து மாலை வரை வைத்திருந்தார்கள்.

ஜூன் 22ஆம் தேதி காரில் சால்னா கொட்டிவிட்டது. மனைவி காலடிக் கம்பளத்தைக் கழுவிப் பால்கனியில் காயப்போட்டார். மறுநாள் காலை கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் வழக்கம்போல் அழுத்தி மிதித்தேன். கார் பாய்ந்து பக்கத்துக் கடையின் குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளியது.

அதன் பிறகு ஈரக் கம்பளத்தை எடுத்து வந்து பழைய இடத்தில் போட்டு, ஆக்சிலேட்டரைக் கையால் அழுத்தினேன். பாதி வழியில் நின்றது. கம்பளத்தை எடுத்துவிட்டு அழுத்தினேன், தரை வரை போனது. திரைச்சீலை அளக்கும் டேப்பால் அளந்தேன். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். மார்ச்சில் நோன்புப் பெருநாளுக்காக அந்தக் கம்பளத்தைக் கடையில் மீந்த துண்டிலிருந்து வெட்டி, ஓரம் தைத்து, பழைய ரப்பர் விரிப்பின் மேலேயே போட்டது நான்தான். இருபது வருடமாகக் கம்பளம் விற்கிறேன். தொட்டாலே தடிமன் சொல்வேன்.

நாகையா ஒவ்வொரு முறையும் கறை படாமல் அதை எடுத்து வைத்தார், ஓட்டிக் காட்டி முடித்ததும் மறக்காமல் திரும்ப விரித்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது இவ்வளவுதான்.

அன்றே மேருவுக்குப் போனேன். பட்டறையில் ஒரு கார்கூட இல்லை. எப்போதும் அங்கே நிற்கும், பழைய வாடிக்கையாளர் திருச்செல்வத்தின் மூன்று பள்ளி வேன்களும் இல்லை. கம்பளத்தைப் பற்றிச் சொன்னேன். நாகையாவே பின் சீட்டைத் தூக்கிக் காட்டினார். புதுப் பம்ப் உள்ளே இருந்தது, பில்லில் உள்ள அதே எண். "காலு வைக்கிற எடத்த நான் பார்க்கல, அது என் தப்பு. திருடன்னு சொன்னது யாரு தப்பு?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட வேணாம் பாய். எழுதிக் குடுத்த எடத்துல போய்ச் சொல்லுங்க" என்றார்.

கேட்கப்பட்டதற்குச் சொல்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. தவறான புகார் என்று என் மீது நடவடிக்கை வரலாம் என்பதைக் கார்ப்பரல் விளக்கினார், புரிந்தது. இதன் பிரதி ஒன்றைப் பட்டறைச் சுவரில் ஒட்டப்போவதாக நாகையா சொல்லியிருக்கிறார். எனக்கு மறுப்பு இல்லை. திருடன் என்று நான் சொன்னதையும் விடாமல் எழுதச் சொன்னேன், எழுதப்பட்டிருக்கிறது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தவை.

(கையொப்பம்)
சஃப்வான் பின் அப்துல் ரஹ்மான்
24.6.2025, கிள்ளான்