எழும்பிக்கோட்டிலிருந்து வந்த வீடு

இல்ல எக்கா, இருக்கதுக்கு நேரமில்ல, நின்னுட்டே சொல்லுகேன். ஒங்க வாழைத் தோட்டத்துல ஒரு வீடு வந்து உக்காந்திருக்குல்லா, ரோஸ் பெயிண்டு, முன்னால ரெண்டு தூணு, அது எனக்க வீடாக்கும். ஆமா, சொந்தக்காரி நாந்தான். பேரு தங்கபாய். ஊரு எழும்பிக்கோடு. ஓ, கேள்விப்பட்டிருக்கியளா? நல்லதாப் போச்சு, பாதிக் கதை மிச்சம். திருவட்டாறு தாண்டி உள்ள போணும். எந்த ஸ்டாப்புன்னு மட்டும் கேக்காதேங்க, ஸ்டாப்பும் ஒரு எடத்துல நிக்காது.

செரி, இருக்கேன். நீங்க மினக்கெட்டு நாற்காலி தூக்கிட்டு வந்த பொறவு நிக்கது மரியாதை இல்ல.

மொதல்ல மன்னிச்சுக்கிடுங்க. எத்தன வாழை சரிஞ்சுது? ரெண்டா? குலை போட்டதா? கன்னுதானா? பாத்தியளா, குலை போட்டதுக்கெல்லாம் வெலகித்தான் உக்காந்திருக்கு. எனக்க வீடுங்கதுக்காகச் சொல்லல்ல, அதுக்குக் கொஞ்சம் வெவரம் உண்டு. அந்த ரெண்டு கன்னையும் நான் வச்சுத் தாறேன். மட்டியா, செவ்வாழையா? மட்டிதானா? எங்க ஊர்ல மட்டி நல்லாட்டு வரும்.

எங்க ஊர்ல வீடுவ எழும்பும், கேட்டியளா. அதுல அதிசயம் ஒண்ணுமில்ல. மாடு எடம் மாறிப் படுக்கும்லா, அந்தக் கணக்குதான். காலெல்லாம் கெடையாது. நம்ம பீரோவ நகட்டுவோம்லா, ஒரு மூலைய முன்னால வச்சு, பொறவு மத்த மூலைய இழுத்து, அப்படியே பைய பைய வரும். உள்ள இருக்க ஆளுக்குக் கொஞ்சம் ஆட்டமாட்டு இருக்கும். சாயா டம்ளரக் கையில பிடிச்சுக்கிடணும், அவ்வளவுதான். வெயில் அடிச்சா நெழல் பாத்து நகரும். மழை விழுந்தா மேட்டுல ஏறும். கல்யாண வீட்டுல பாட்டுப் போட்டா அக்கம்பக்கத்து வீடுவ எல்லாம் கொஞ்சம் நெருங்கி வந்து நிக்கும். ஆளு செத்த துட்டி வீடுன்னா தானா வெலகி வழி விடும். ஒருத்தரும் சொல்ல வேண்டாம்.

பேரூராட்சிக்குத்தான் பாடு. நான் அங்கதான் வேலை. கதவெண் எழுதுறது. இருபத்திரெண்டு வருசமாச்சு. மத்த ஊர்ல ஒரு தடவ சொவத்துல நம்பரு எழுதினா அதோட காரியம் முடிஞ்சுது. எங்க ஊர்ல திங்கக்கிழமை தோறும் பெயிண்டு டப்பாவும் பிரஷுமாட்டு எறங்கணும். எந்த வீடு எங்கண உக்காந்திருக்கோ அதுக்குத் தக்க நம்பரு. எழுதிட்டு இருக்கும்போதே சிலது நகரும். பத்தொம்பதுன்னு எழுத வந்தா ஒண்ணுலயே இழுத்துட்டுப் போயிரும். போஸ்ட்மேன் எனக்க லிஸ்டைப் பாத்துத்தான் சைக்கிள எடுப்பாரு.

காலைல எட்டரைக்கு ஆட்டோவுல மைக்கு கெட்டி ஒரு ஆளு வரும். ஸ்கூல் பஸ் வருகிறது, ரோட்டில் இருக்கும் வீடுகள் தயவுசெய்து எழும்பி ஓரமாக இருக்கவும். எழும்பும், ஆனா மொணங்கிட்டுத்தான் எழும்பும். ஓடெல்லாம் கெடகெடன்னு கேக்கும். சிரிக்கியளே, நீங்க ஒரு நாள் வந்து பாக்கணும். கறண்டு கம்பிய இழுத்துக் கெட்ட மாட்டாவ, தொளதொளன்னுதான் விட்டிருக்கும். தண்ணிக்குழாய்க்குப் பதில் ஹோஸு.

எலெக்ஷன் வந்தா மட்டும் வார்டு எல்லையில கயறு கெட்டிருவாவ. வீடு தாண்டப்படாது. போன எலெக்ஷன்ல ரசலையன் அண்ணன் நாலாம் வார்டுக்கு நின்னாரு. அவருக்க வீடு என்ன செஞ்சுது தெரியுமா? மூணாம் வார்டுல ஒரு பெரிய பலா நிக்கு, நல்ல நெழலு. கயித்த அறுத்துட்டு அங்க போய் உக்காந்துட்டு. வேட்பாளர் வேற வார்டுக்காரராயிட்டாரு! மத்தியானம் மூணு மணிக்குள்ள நாலாம் வார்டுல இருக்கணும், இல்லன்னா மனு தள்ளுபடி. பேரூராட்சி ஆபீசரு ஈ.ஓ. வாட்சைப் பாத்துட்டு நிக்காரு. அண்ணன் வீட்டுக்கு முன்னால முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதாரு. எழும்பிச்சு எக்கா, எழும்பாம இருக்குமா? ரெண்டே முக்காலுக்கு. ஆனா ஜெயிக்கல்ல, அது வேற காரியம்.

அப்பம் எனக்க வீட்டுக்கு வாறேன். எங்க ஊர் வீடு எதுவும் இவ்வளவு தூரம் போனதில்ல. முத்துநாயகத்துக்க வீடு ஒரு தடவ குழித்துறைக்குப் போச்சு, வாவுபலிப் பொருட்காட்சி பாக்கதுக்கு. அது பாக்கப் போச்சு, ஆளுவ அதைப் பாத்தாவ. உள்ள ஏறி எறங்கினாவ. முத்துநாயகத்துக்கப் பெண்டாட்டி அடுக்களையில சாளை பொரிச்சிட்டு நின்னுருக்கு, அதுவும் பொருட்காட்சிதான்னு ஒரு கூட்டம் சுத்தி நின்னு பாத்திருக்கு. மூணு நாள் நின்னுட்டுத் தானா திரும்பி வந்துட்டு. எனக்க வீடு அதையும் தாண்டி வந்திருக்கு. பாலத்துல ஏறல்ல, ஆத்துல எறங்கித்தான் வந்திருக்கு, அடித்தளத்துல பாசி ஒட்டியிருக்குல்லா. ரோட்டுல ஒரு போலீஸ்காரரு பஸ்ஸையெல்லாம் நிறுத்தி வழி விட்டாராம். அவரு நல்லா இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தா களியக்காவிளை தாண்டிக் கேரளா. பொறவு நான் எந்த ஆபீஸ்ல போய் நிக்க?

அதுக்குத்தான் இந்தக் கடலாசு. ஒரு வீடு ஊரு விட்டுப் போச்சுன்னா ஏழு நாள் தவணை. திங்கக்கிழமை போச்சு, இன்னைக்கு சனி. நாளைக்கு ஆபீஸ் இல்ல. அது வந்து உக்காந்த எடத்துக்காரங்க இதுல ரெண்டுல ஒரு கட்டத்துல கையெழுத்துப் போடணும். மொத கட்டம், திருப்பி அனுப்புகிறேன்னு. அதுல போட்டா எங்க ஊர்ல எனக்க மனை எனக்கே இருக்கும். ரெண்டாவது, இங்கேயே இருக்கட்டும்னு. அதுல போட்டா அங்க மனை போச்சு, அடுத்த ஆளுக்கு எழுதிக் குடுத்திருவாவ. காலி மனைன்னு பலகை நடுறதும் எனக்க வேலைதான். இதுவரைக்கும் நாப்பது பேருக்கு நட்டிருக்கேன். ஒருத்தருக்கும் ஒரு நாள் கூட்டிக் குடுத்ததில்ல. சட்டம்னா சட்டம்னு நிப்பேன். இப்பம் ஊரே திங்கக்கிழமைக்குக் காத்துக்கிட்டு இருக்கு, தங்கபாய் எப்படிப் பலகை நடுகான்னு பாக்கதுக்கு.

பொறுங்க, பேனாவ எடுக்காதேங்க. எந்தக் கட்டம்னு சொல்லுகேன். அவசரமில்ல.

எதுக்கு எழும்பி வந்துதுன்னா கேக்கிய? அதுக்கு எனக்கிட்ட ஒரு கொறையும் கெடையாது. வருசா வருசம் வெள்ளை அடிப்பேன். எங்க வீட்டு ஆளு கர்த்தருக்குள்ள போயி ஒம்பது வருசமாச்சு, அதுல இருந்து எனக்குப் பேச்சுத்தொணையே அதுதான். காரணம் வேற. எங்க ஊர்ல ஒரு மொறை உண்டு. வீட்டுல இருந்து ஒரு ஆளு மொத்தமாட்டுப் போவுதுன்னா, வெளிநாட்டுக்கோ, கெட்டிக் குடுத்தோ, வீட்டுகிட்ட சொல்லணும். போற ஆளு வாசல் நெலையில கை வைக்கணும். வீட்டுல மூத்த ஆளு, இவ போறா, நீ இரு, அப்படின்னு சொல்லணும். ஒரு நிமிசம் ஆவாது. சொல்லலன்னா வீட்டுக்கு அது தெரியாது. வருவா வருவான்னு காத்துக்கிட்டே கெடக்கும்.

எங்க வீட்டுல அப்படி ஒண்ணு சொல்லாம போச்சு. மகதான், வேற யாரு? ஒத்த மக. அவ சொல்லாம போனான்னு சொன்னா எனக்க நாக்கு அழுகிப் போவும். அவ கேட்டா. நெலையில கை வைக்கேன் அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு முற்றத்துல நின்னு கேட்டா. நாந்தான் கதவ அடச்சுட்டு உள்ள இருந்தேன். ரெண்டு வருசம் ஆவப்போவுது. பையன் நல்ல பையன்தானாம். அப்பம் எனக்கு அதெல்லாம் காதுல ஏறல்ல. நம்ம சர்ச்சு, அவிய கோயிலு, ஊரு என்ன சொல்லும்னு ஒரே வெப்ராளம். ஊரு என்ன சொல்லிச்சு? ரெண்டு நாள் பேசிச்சு, பொறவு நெழல் பாத்து நகந்து போச்சு. நாந்தான் அதே எடத்துல நின்னேன்.

அதுக்குப் பொறவு வீடு ஒரு நாளும் நேரா உக்காந்ததில்ல. அவ படுக்க முறி ஜன்னல் இருக்க பக்கத்த ரோட்டப் பாத்துத் திருப்பி வச்சுக்கிடும். நான் தள்ளிப் பாத்திருக்கேன், ஏசிப் பாத்திருக்கேன். மறுநாள் காலைல திரும்பவும் ரோட்டப் பாத்துதான். எனக்கும் ஒரு ஆளுக்குச் சோறு வைக்கத் தெரியாது, ரெண்டு ஆளுக்கு வச்சு மிச்சத்தக் கோழிக்குப் போடுவேன். கோழி நல்லாட்டுத் தடிச்சு. நீங்க சிரிக்கணும்னுதான் சொன்னேன்.

அதைக் கேக்க விட்டுப் போச்சு, எனக்க வீட்டு வாசல்ல கோலம் கெடக்கே, யாரு போட்டது? நீங்களா? அந்த வாசல்ல இதுவரைக்கும் கோலம் போட்டதில்ல. கிறிஸ்மஸுக்கு ஸ்டார் தூக்குவோம், அதோட செரி. நல்லாருக்கு, கொள்ளாம் எக்கா. மெய்யாட்டுத்தான் சொல்லுகேன், கொள்ளாம். முகம் கழுவின மாதிரி இருக்கு. தெனமும் போடுதியளா?

மக எங்கண இருக்கான்னா? இந்தப் பக்கம்தான்னு கேள்வி. யாருகிட்டயும் விசாரிக்கல்ல. எனக்கு என்னத்துக்கு? நான் வீட்டக் கூட்டிட்டுப் போக வந்தவ.

என்ன எக்கா, இப்படிப் பாக்கிய?

என்னைய அறிவியளா? எப்பத்துல இருந்து? நான் கேட்டைத் தெறக்கும்போதேயா? மூக்கா? அவளுக்க மூக்குதான் எனக்க மாதிரி, எனக்க மூக்கு ஒருத்தரையும் பாத்து வந்ததில்ல. அம்மாடி, அப்பம் இவ்வளவு நேரம் பலா மரமும் பொருட்காட்சியும் நான் அளந்துட்டு இருக்கேன், நீங்க தலையாட்டிக் கேட்டுட்டு இருந்தியளே! கள்ளி நீங்க.

செரி. நானும் அறிவேன். நாகம்மை. எனக்க மருமவன் ராஜகுமாருக்க அம்மை. இனி அக்கான்னு கூப்பிடப்படாது, சம்பந்தி மொறைக்கு மைனின்னுதான் கூப்பிடணும். கல்யாணத்துக்கு எனக்கு ஆளு விட்டுக் கூப்பிட்டிய, நான் வரல்ல. அதுக்கு எந்த மொகத்த வச்சு மன்னிப்புக் கேக்கன்னு தெரியல்ல, அதனாலதான் வாழைக்கன்னுக்குக் கேட்டேன். அதுலயே இதையும் சேத்துக்கிடுங்க.

இன்னொரு காரியம் மைனி. ஈ.ஓ.கிட்ட கூட சொல்லாதது. இந்தக் கடலாசுல காரணம்னு எழுதியிருக்கு பாருங்க, வீடு தானாக எழும்பிச் சென்றதுன்னு. எனக்க கையெழுத்துதான், ஆனா பொய்யாக்கும். அது தானா வரல்ல. நாந்தான் அனுப்பினேன்.

போன வாரம் மீன்காரி செல்லக்கனி சொன்னா, எனக்க மக பெமிலாவுக்கு வயித்துல ஏழாம் மாசம் தொடங்கியிருக்குன்னு. ஏழாம் மாசம் பிள்ளைய அம்மை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போணும்லா. அதுக்கு அம்மைக்காரி வந்து வாட்டி மக்கான்னு கூப்பிடணும். கதவ அடச்சவ எப்படிக் கூப்பிட? கூப்பிட்டாலும் வருவாளா? வரமாட்டேன்னுதான் சொல்லுவா, அந்த விசயத்துல அவ எனக்க மக. அதான், அவ வரலன்னா வீடு அவகிட்ட போவட்டுமேன்னு நெனச்சேன். திங்கக்கிழமை காலைல அடுக்களையெல்லாம் ஒதுக்கி வச்சு, அவ முறியில புது விரிப்பு போட்டு, கோழியைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, வீட்டுகிட்ட சொன்னேன். நீ முன்னால போ, எனக்கு வெக்கமா இருக்கு, ரெண்டு நாள் கழிஞ்சு வாறேன்னு. ரெண்டு நாள் ஆறு நாளாச்சு. அது என்ன செஞ்சுது தெரியுமா? ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல்ல, ஒடனே எழும்பிட்டு.

ரெண்டாவது கட்டத்துல போடுங்க மைனி. இங்கேயே இருக்கட்டும்னு. ஒங்களுக்குச் சம்மதம்னா. மனை போனாப் போவட்டும். பலகைய நான் நட்டுக்கிடுதேன், நல்ல எழுத்தா எழுதி நடுகேன், பாக்க வாறவ பாத்துட்டுப் போவட்டும். அதை நட்டுட்டு அடுத்த பஸ்ஸுல இங்க வந்திருவேன். வேலைக்கு என்ன, லீவு நெறையக் கெடக்கு.

போட்டுட்டியளா? வாசிச்சுக்கூடப் பாக்கலியே! தேதி போடுங்க. ஆமா, அங்கதான்.

பொறவு அவ எங்க? ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளா? இல்லியா? பொறவு எங்க?

உள்ளயா? ஒங்க வீட்டுக்குள்ளயா?

எனக்க வீட்டுலயா? திங்கக்கிழமைல இருந்தா? மருமவனுமா? அவ முறியிலயா கெடக்கா? சாப்பிட்டாளா? சாப்பிட்டுட்டுத்தான் படுத்திருக்காளா?

வேண்டாம் மைனி, கூப்பிடாதேங்க. கண்ணு ஒண்ணுமில்ல, பெயிண்டு வாடை, இருபத்திரெண்டு வருசமா இப்படித்தான். நான் இங்கணயே இருக்கேன். எத்தன மணி ஆனாலும் அவ உறங்கட்டும். பேறுகாலத்துக்கு அம்மை வீட்டுக்கு வந்த பிள்ளைய யாராவது எழுப்புவாவளா?