நடுக்குழாய்

கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் படம் போடுவதில் எங்கள் மருத்துவக் கல்லூரியில் என்னை மிஞ்ச ஆளில்லை. மாணவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியைச் சிவப்பில் இழுப்பேன். வயிற்றுக்குள் அதன் முன்பக்கத்திலிருந்து மூன்று குழாய்கள் கிளம்பும். மேல்குழாய் இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு. நடுக்குழாய் சிறுகுடல் ஏறக்குறைய முழுவதற்கும் பெருங்குடலின் முதல் பாதிக்கும். கீழ்க்குழாய் மீதிக் குடலுக்கு.

மூன்றும் ஓரங்களில் கைகோத்துக்கொண்டுதான் இருக்கின்றன. நடுக்குழாய் அடைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் ரத்தம் கொடுத்துக் குடலைப் பன்னிரண்டு மணி நேரம் காப்பாற்றும் என்பது என் ஆய்வு. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்றார் எங்கள் துறைத்தலைவர். அதுவும் எங்கே? இருநூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கில்.

"தம்பி, படம் ரொம்ப நல்லா இருக்கு. கதையும் நல்லா இருக்கு. ஆய்வைத்தான் காணோம்."

அரங்கமே சிரித்தது. அடுத்த வருடம் அவரே தன் மகளை எனக்குக் கட்டிவைத்தார். பெண்ணைக் கொடுக்க மனம் வந்தவருக்கு என் ஆய்வேட்டில் ஒரு கையெழுத்தைப் போட மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். எனக்கு அவர்மேல் துளியும் வருத்தம் கிடையாது. இதை உங்கள் அறிக்கையில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமாவுக்கு வயிற்றுவலி வந்தது. ஏழு மணிக்கு என் வார்டில் படுத்திருந்தார். நாடி தாறுமாறாக ஓடியது. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் மனிதர் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துடித்தார்.

"மாப்ள, வயிறு மெத்துன்னு இருக்கு, வலி மட்டும் உயிர் போகுது. இதயத்துலேர்ந்து ரத்தக்கட்டி கெளம்பி நடுக்குழாய்ல உக்காந்துடுச்சு. சீக்கிரம் வயித்தத் திறங்க."

என் கணிப்பும் அதேதான். முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம்.

"வாயுவா இருக்கும் மாமா. கொஞ்சம் பாப்போம்."

தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "எத்தன மணி வரைக்கும் பாப்பீங்க?" என்றார்.

புத்திசாலி மனிதர். வலிக்கு ஊசி போடச் சொன்னேன். அதன்பின் அவரால் கோவையாகப் பேச முடியவில்லை. வலியோடு விட்டுவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"டாக்டர், தியேட்டர் காலியாத்தான் இருக்கு. ரெடி பண்ணட்டுமா?" நர்ஸ் இரண்டு முறை கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அவளை விட்டுவிடுங்கள். மத்தியானம் என் மனைவி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையேங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போய் ஏதாவது சாப்பிடு."

போனாள். இருபத்திரண்டு வருடத்தில் என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

மணிக்கொரு தரம் நாடி, ரத்த அழுத்தம், வயிற்றின் இறுக்கம் எல்லாவற்றையும் எழுதினேன். அந்த நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, கொஞ்சம் பத்திரமாக வையுங்கள். வலி தொடங்கிய நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த நோயாளி எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

சரியாக மாலை ஆறு மணிக்கு வயிற்றைத் திறந்தேன். சிறுகுடல் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. பெருங்குடலும் பாதிவரை கறுப்பு. நல்ல குடலும் செத்த குடலும் சந்திக்கும் இடம், நான் வகுப்பில் கோடு போட்டுக் காட்டும் அதே இடம். வெட்டி எடுக்க வழியில்லை, எடுத்தால் உயிர்வாழச் சிறுகுடலே மிஞ்சாது. தைத்து மூடினேன். மறுநாள் மதியம் போய்விட்டார்.

தெரிந்தே செய்தாயா என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். தெரிந்தேதான் செய்தேன். எட்டு மணிக்குத் திறந்து கட்டியை எடுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் ஆய்வு தோற்றுவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அவருக்கு வயது எழுபத்தாறு, குழாய்களும் பழையவை. ஒரே ஒருவரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. குறைந்தது இன்னும் ஐந்து பேராவது வேண்டும். அதில் இரண்டு பேர் இளவயதாக இருந்தால் நல்லது.