நேர்ல சொல்லிக்கலாம்

— வாஷிங் மெஷினை இறக்க நான் ஒருத்தன் போதாது தம்பி. ஏத்துறப்போ உன் ரூம் பசங்க மூணு பேரு இருந்தானுங்க. இறக்குறப்போ யாரு இருக்கா? என் முதுகு ஏற்கனவே பாதி போயாச்சு, மீதியை உன் வாசல்ல விட முடியாது.

— அப்பா இருப்பாருண்ணே. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சா இறக்கிடலாம்.

— இருப்பாருன்னா? நீ வர்றது அவருக்குத் தெரியுமா தெரியாதா?

— தெரியாது. திடுதிப்புனு போய் வாசல்ல நிக்கணும்னுதான் சொல்லல. எங்க வீட்டுல முக்கியமான எதையும் போன்ல சொல்ல மாட்டோம்ணே. நல்லதோ கெட்டதோ, மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லணும். அப்பா போட்ட சட்டம்.

— இது என்ன சட்டம், புதுசா இருக்கு?

— எங்க தாத்தா தவறினதை யாரோ அப்பாவுக்குப் போன்ல சொல்லிட்டாங்க. அப்போ அவரு பட்டறையில ஒரு மோட்டாருக்குக் காயில் சுத்திட்டிருந்தாரு. போனை வச்சாரு, உக்காந்தாரு, அந்தக் காயிலை முழுசா சுத்தி முடிச்சிட்டுத்தான் எந்திரிச்சாரு. ஏன் அப்படிப் பண்ணேன்னு இன்னைக்கும் அவருக்கே தெரியாது. அதுலேர்ந்து எங்க வீட்டுல போன்னா, சாப்டியா, தூங்குனியா, எல்லாம் நல்லபடியா இருக்கு. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நேர்ல.

— நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுலயும் ஒரு சட்டம் உண்டு. என் சம்சாரம் பேசுறப்போ நான் பேசக் கூடாது. அதான் வண்டியில ஏறினதும் இப்படிப் பேசித் தீக்குறேன். ஆமா, ஊரு உலகமே அந்தப் பெரிய ஊருக்கு வண்டி பிடிக்குது, நீ என்னடான்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு எதிர்ப்பக்கம் வர்றே. வேலை போயிடுச்சா?

— வேலையெல்லாம் இருக்கு. பல்லு வரையிற வேலை.

— என்னது?

— பல்லுதான். பல் உடைஞ்சவங்க வாயை அளவெடுத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்புவாங்க. நான் கம்ப்யூட்டர்ல அந்தப் பல்லை வரைஞ்சு குடுப்பேன். மெஷின் அதை அப்படியே செதுக்கிடும்.

— அடப்பாவி. ஊரு வாயையெல்லாம் நீதான் மூடிக்கிட்டிருக்கியா. சம்பாத்தியம் பத்தலியோ?

— வர்றது வாடகைக்கே போயிடுதுண்ணே. அதுவும் எதுக்கு வாடகை? கட்டிலுக்கு மேல கட்டில், நாலு பேரு ஒரு ரூம். எனக்கு மேல் கட்டில். நிமிந்து உக்காந்தா ஃபேன் தலையைச் சீவிடும். மூணு வருஷமா அந்த ரூம்ல நான் படுத்திருக்கேன், இல்லன்னா குனிஞ்சு உக்காந்திருக்கேன். ஒரு நாள் ஆபீஸ்ல நாற்காலியில உக்காந்திருக்கேன், பக்கத்துல இருக்கறவ கேக்குறா, ஏன் எப்பவும் தலையைத் தாழ்த்தியே வச்சிருக்கேன்னு. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அன்னைக்கு முடிவு பண்ணதுதான்.

— ஆபீஸ்ல விட்டாங்களா?

— ஊர்லேர்ந்தே வரைஞ்சு அனுப்புன்னுட்டாங்க. ஆனா ஊருக்குப் போனா அந்த ஊரு சம்பளம்தானாம், பெரிய ஊரு சம்பளம் கிடையாதாம். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். கட்டிலுக்கும் வேற பையன் வந்தாச்சு. நான் பையைக் கீழ இறக்குறதுக்குள்ள அவன் போர்வையை மேல விரிச்சிட்டான்.

— அப்ப பின்னாடி கதவு சாத்தியாச்சு.

— சாத்தினா சாத்தட்டும். எனக்குத்தான் சொந்த வீடு இருக்கே. மாடியில என் ரூம், வாடகை கிடையாது. எது போனாலும் அது ஒண்ணு இருக்குங்கற தைரியத்துலதான் இவ்வளவு நாள் ஓட்டினேன். வாரா வாரம் அப்பாகிட்ட கேப்பேன், வீடு இருக்குல்லப்பான்னு. இருக்குடாம்பாரு. அதுல ஒரு வாரம் ஓடும்.

— சொந்தக் கூரை உள்ளவன் ராஜா. சரி, ராஜாவைப் பெத்தவருக்கு ஒரு போனைப் போடு. உங்க சட்டம் வாஷிங் மெஷினுக்குத் தெரியாது.

— அது அம்மாவுக்குன்னு வாங்கினதுண்ணே. அதையாச்சும் சொல்லாம பாத்துக்கறேன். என் போன் ஸ்பீக்கர்லதான் கேக்கும், காதுல வச்சா கேக்காது. நீங்க நடுவுல எதுவும் பேசிடாதீங்க.

— நான் ஏன் பேசப் போறேன்? வாயில பூட்டு.

— அப்பா?

— சொல்லுடா. சாப்டியா?

— ம். நீங்க?

— ஆச்சு. இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு. என்ன இந்த நேரத்துல கூப்பிடுறே? ஆபீஸ் விடுற நேரமாச்சே.

— இன்னும் ஒரு மணி நேரம் வீட்டுலயே இருப்பீங்களாப்பா?

— எதுக்கு?

— சும்மாதான்.

— டேய், அப்பன் வீட்டுல இருக்கானான்னு எந்தப் பிள்ளையும் சும்மா கேக்காது. என்ன சங்கதி?

— ஒரு சாமான் வருது. கொஞ்சம் கனம். இறக்க ஒரு கை பிடிக்கணும்.

— இந்தாப் பாரு, சாமான் கீமான் எதுவும் இப்ப அனுப்பாத. எடுத்துட்டு வர்றவனைத் திரும்பிப் போகச் சொல்லு.

— எடுத்துட்டு வர்றதே நான்தாம்ப்பா. ரூமைக் காலி பண்ணிட்டேன். மூட்டை முடிச்செல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கேன். இனிமே நம்ம வீட்டுலேர்ந்துதான் வேலை. நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன், வாயை விட்டுட்டேன்.

— எப்படா கிளம்புனே?

— மத்தியானமே. முக்கால்வாசி தூரம் வந்தாச்சு. என்னப்பா, ஒரு வார்த்தை சந்தோஷமா சொல்ல மாட்டேங்கறீங்க?

— சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாம என்ன. ஆனா பாரு, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்கு. உள்ள நுழைய முடியல, அப்படி ஒரு நாத்தம். நீ ஒரு நாலு நாளு கழிச்சு வந்தா...

— பெயிண்டா? போன வருஷம்தானே அடிச்சோம்?

— அது உள்ள அடிச்சோம். இது வெளிய.

— வெளிய அடிச்சா உள்ள ஏம்ப்பா நாத்தம்?

— கேள்வி மேல கேள்வி கேக்காதடா. வண்டிக்காரர்கிட்ட சொல்லி வழியில எங்கயாச்சும் தங்கு.

— வண்டி நிறைய சாமானை வச்சிக்கிட்டு எங்க தங்குறது? நாத்தமெல்லாம் பரவாயில்ல. மாடியில என் ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கறேன்.

— மாடி வேணாம். மாடியில யாரும் இல்லடா. சத்தியமா யாரும் இல்ல.

— யாராச்சும் இருக்காங்களான்னு நான் கேக்கவே இல்லியே.

— எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா இருக்கு தம்பி. மன்னிச்சுக்கோ, பூட்டு கழண்டுக்கிச்சு.

— யாருடா அது பக்கத்துல?

— வண்டி ஓட்டுற அண்ணன். அதை விடுங்க. மாடியில யாரு இருக்கா?

— நேர்ல சொல்லிக்கலாம்டா.

— நேர்லதான் வந்துக்கிட்டிருக்கேன். மென்னு முழுங்காம சொல்லுங்க.

— ஒரு பையனும் பொண்ணும் இருக்காங்க. புதுசா கல்யாணம் ஆனவங்க. ரெண்டு பேருக்கும் உன்ன மாதிரி கம்ப்யூட்டர் வேலை. நீ வேலை பாக்குற ஊர்லதான் இருந்தாங்களாம். அங்க வாடகை குடுத்து மாளலன்னு நம்ம ஊருக்கு வந்திருக்காங்க. நம்ம ஊரு சல்லிசா இருக்காம்.

— என் ரூம்லயா?

— உன் ரூம்லதான். நல்ல பிள்ளைங்கடா. உன் அலமாரியை அப்படியே பத்திரமா வச்சிருக்காங்க.

— சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. சரி, போகட்டும். நான் கீழ ஹால்ல படுத்துக்கறேன். ஓரமா ஒரு மேஜை போட்டா வேலையும் அங்கயே செஞ்சுக்குவேன்.

— ஹால்ல அவங்க மேஜை கெடக்கு.

— ஹாலையுமா குடுத்தீங்க? அப்ப நீங்களும் அம்மாவும் எங்க படுக்குறீங்க, அடுப்படியிலயா?

— முழு வீட்டையும்தான் வாடகைக்குக் குடுத்தாச்சு. மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. நடுவுல காலி பண்ணுன்னு சொல்ல முடியாது.

— ஏம்ப்பா? பட்டறை ஓடலியா?

— பட்டறையே இல்லடா இப்ப. ஊருக்கு வெளியூர்ப் பசங்க வர ஆரம்பிச்சாங்க, கடை வாடகையெல்லாம் கிடுகிடுன்னு ஏறிடுச்சு. பட்டறைக்காரனால குடுக்க முடியாததைக் காபிக் கடைக்காரன் குடுக்குறான்னா, கடைக்குச் சொந்தக்காரன் யாருக்குக் குடுப்பான்? அவன் மேல தப்பு இல்ல. நான் உக்காந்து காயில் சுத்தின இடத்துல இப்ப ஒரு சோபா கெடக்கு. பசங்க மடியில கம்ப்யூட்டரை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. நானும் ஒரு நாள் போய் உக்காந்து ஒரு காபி குடிச்சேன். ஒருத்தனும் என்னை யாரு என்னன்னு கேக்கல. காபி நல்லாத்தான் இருந்துச்சு.

— இதெல்லாம் எப்போ?

— ரெண்டு மாசம் ஆச்சு.

— இந்த ரெண்டு மாசமும் வாரா வாரம் கேட்டேனேப்பா, வீடு இருக்குல்லன்னு.

— கேட்டே. இருக்குன்னு சொன்னேன். அதுல பொய் என்ன இருக்கு? வீடு இருக்கு. நாமதான் அதுல இல்ல.

— அப்படிப் பேசாதீங்க.

— வேற எப்படிடா பேச? அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நீ அந்தக் கட்டில்ல காலம் தள்ளுறேன்னு எனக்குத் தெரியாதா? அதைப் போய் போன்ல எப்படிப் பிடுங்குறது? நேர்ல சொல்லணும்னுதான் இருந்தேன். நேர்ல வந்து நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போயிட்டேன். நீ இப்படி வண்டி ஏறுவேன்னு கனாக் கண்டேனா?

— தம்பி, குறுக்க பேசுறேன்னு நினைக்காத. முன்னால டோல்கேட் தெரியுது. அதைத் தாண்டிட்டா வண்டியைத் திருப்ப ரொம்ப தூரம் போகணும். காலையில எனக்கு வேற லோடு இருக்கு. எங்க இறக்கணும்னு சொல்லிட்டா, நான் பாட்டுக்கு ஓட்டிடுவேன்.

— எங்கன்னு எனக்கே தெரியலண்ணே.

— சரி, சரி. ஓரங்கட்டி நிறுத்துறேன். நீ பேசு. அவரைத் திட்டாம பேசு.

— அப்பா, திட்டல. இப்ப நீங்க ரெண்டு பேரும் எங்கதான் இருக்கீங்க?

— ஒரு நிமிஷம் இரு... வந்துட்டேன் சார், இதோ தொறக்குறேன் சார்... இருடா, வைக்காத.

— அண்ணே, கேட்டீங்களா? யாரோ ஹாரன் அடிக்கிறாங்க. எங்கப்பா யாருக்கோ சார் போட்டுப் பேசுறாரு. பட்டறையில அவரு யாரையும் சார்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. வர்றவங்கதான் அவரை அண்ணே அண்ணேம்பாங்க.

— கேட்டுது தம்பி. தண்ணி குடி.

— ம், சொல்லு. காரு வெளிய போகணும்னாங்க, அதான்.

— நீங்க கேட் தொறக்குறீங்களா?

— தொறக்குறேன், சாத்துறேன். அவ்வளவுதான் வேலை. பெரிய வீடு இது. கேட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு ரூம் விட்டிருக்காங்க. வாடகை கிடையாது. உங்கம்மா இங்க சமையல் பாக்குறா. மரியாதையாத்தான் நடத்துறாங்க. நீ மனசைப் போட்டு உழப்பிக்காத.

— அந்த ரூம்ல ஒரு ஆளு படுக்க இடம் இருக்குமா? இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும். நாளைக்கு நான் ஏதாச்சும் பாத்துக்கறேன்.

— நான் காலை நீட்டினாலே கதவைத் தொறந்து வைக்கணும். ஆனா நீ வந்தா நான் வெளிய நாற்காலியில இருந்துக்குவேன். அது ஒண்ணும் இல்ல. எனக்கு ராத்திரியிலதான் வேலையே.

— எந்த ஊருன்னு சொல்லுங்கப்பா. வண்டியை அங்க விடச் சொல்றேன்.

— அதைத்தாண்டா எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன். எத்தனையோ இடத்துலேர்ந்து ஆள் கேட்டாங்க. தனி பாத்ரூமோட ரூம் தர்றோம்னுகூட ஒரு இடத்துல சொன்னாங்க. உங்கம்மா எதுக்கும் மசியல. இந்த ஒரு இடத்துக்குத்தான் தலையாட்டினா. உன்கிட்ட அப்பவே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கணும். அவ வெளியதான் நிக்கிறா, நீ கிளம்பினது அவளுக்குத் தெரியாது. இந்தா, அவகிட்டயே கேளு... இந்தாம்மா, பிள்ளை பேசுறான்.

— அம்மா?

— கண்ணு, உடம்புக்கு என்னடா ஆச்சு? உன் ஆபீசுக்கு எதிர்த்த வீட்டுலதான் நாங்க இருக்கோம், தினமும் இந்த கேட்டுக்குள்ள நின்னு நீ பஸ் ஏறிப் போறதைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன், இன்னைக்கு எல்லாரும் ஏறிப் போயிட்டாங்க, உன்ன மட்டும் காணலியேப்பா.