பதினோராம் இருக்கையில் பேசியது யார் என்பது பற்றி

இந்த வாக்குமூலத்தின் முகப்புத் தாளில் எழுதிக்கொண்ட என் பெயர், வயது, விலாசம் சரியானவை. மின்னணுவியலில் டிப்ளமோ முடித்து, மொழித்தேர்வு மையம் ஒன்றில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். அப்பா இல்லை. அம்மா, தம்பி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

வெளிநாட்டில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எங்கள் மையத்தில் ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுகிறார்கள். அதன் கடைசிப் பகுதி பேச்சு. ஹெட்போனில் கேள்வி வரும், மைக்கில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு திரையில் தெரியும் ஒரு வாக்கியத்தை மாணவரே படித்து மைக்கைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் மையத்தில் அப்படி நடப்பதில்லை. பதற்றத்தில் பிள்ளைகள் அந்த ஒரு வாக்கியத்துக்கே திணறி நேரத்தைத் தின்றுவிடுவார்கள் என்பதால், கதவு திறக்கும் முன்பே நான் ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து அதைப் படித்து, பச்சை விளக்கு வந்ததும் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவேன். மேலாளர் சொல்லித்தான் இப்படிச் செய்து வந்தேன்.

என் தம்பிக்கு முதலில் வேறு மையம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே மின்கோளாறு என்று கடைசி நேரத்தில் எங்கள் மையத்துக்கு மாற்றினார்கள். உடனே மேலாளரிடம் சொன்னேன். “நீ என்ன மார்க்கா போடப் போறே? வயர் மாட்டுறவன்தானே, போய் வேலையைப் பாருப்பா” என்றார். இப்போது எனக்குத் தம்பி இருப்பதே தனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எங்கள் வீட்டுக்கு வந்து, தம்பி பரிமாற, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

தேர்வு நாளன்று வழக்கம்போல எல்லா மைக்கையும் சோதித்து முடித்தேன். அதன் பிறகு மாணவர்கள் வந்தார்கள். தம்பிக்குப் பதினோராம் இருக்கை. என்னைப் பார்த்துச் சிரித்து வைக்காதே என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன், அவனும் பார்க்கவில்லை. அதன் பிறகு சர்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே கேமரா கிடையாது, என்னைப் பார்த்தவர் யாரும் இல்லை. தேர்வறைக் கேமராவில் மாணவர்களின் முதுகுதான் தெரியும், வாய் தெரியாது. இவை எனக்கு எதிராக இருக்கின்றன என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

தேர்வு முடிந்ததும் திரையில் இருக்கை இருக்கையாகச் சிவப்பு வந்தது. குரல் பொருந்தவில்லை என்று காட்டியது. அந்த வாரம்தான் மென்பொருளை மாற்றியிருந்தார்கள். மைக் சோதனையில் பதிவாகும் குரலையே மாணவரின் அடையாளக் குரலாக எடுத்துக்கொண்டு, தேர்வில் பேசிய குரலோடு அது ஒப்பிடுகிறது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கிளம்பிய பிள்ளைகளை வாசலிலிருந்து திரும்பக் கூட்டிவந்து, சிவப்பு வந்த இருக்கைகளுக்கெல்லாம் அவரவர் குரலை மறுபடி பதிந்தோம். பதினொன்று மட்டும் முதலிலேயே பச்சையாக இருந்தது. எனக்கும் தம்பிக்கும் அப்படியே ஒரே குரல். போனில் பேசினால் அம்மாவே “பெரியவனா, சின்னவனா? யாரா இருந்தாலும் சரி, சாப்பிட வந்து தொலை” என்பார்.

“சார், பதினொண்ணுலயும் என் குரல்தான் இருக்கு, மாத்திடலாம்” என்றேன்.

“பச்சையா இருக்கிறதை ஏன்டா நோண்டுறே? வாயை மூடிட்டுக் கிளம்பு” என்றார். கிளம்பிவிட்டேன்.

தம்பி பேச்சுப் பகுதியில் எல்லோரையும்விட அதிக மதிப்பெண் வாங்கினான். அதனாலேயே தலைமை அலுவலகத்தில் அவன் பதிவை எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அடையாளக் குரல் கதவு திறக்கும் முன்பே பதிவானதை வைத்து, அது ஊழியருடையது என்று கண்டுபிடித்து, சர்வர் அறையிலிருந்து வயர் வழியாக முழுத் தேர்வையும் நான்தான் பேசினேன் என்று புகார் கொடுத்தார்கள். இன்று காலை போலீசார் வீட்டுக்கு வந்து எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா தம்பியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை பின்னாலேயே ஓடிவந்தார். அவன் இங்கே வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருக்கிறான்.

அப்படி வயர் வழியாகப் பேச முடியுமா, முடியாதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முடியும் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். முடியும் என்றால் செய்தேன் என்று அர்த்தமில்லை, அதையும் எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு பதிவைப் போட்டுக் காட்டினார்கள். என் குரல் மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் அதில் வரும் வார்த்தைகளில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் இதே தேர்வை எழுதி இதே பேச்சுப் பகுதியில் தோற்றவன். அதைச் சொன்னதும், அதே கேள்விக்கு இங்கேயே பதில் பேசிக் காட்டச் சொன்னார்கள். பேசினேன். பெண் காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “தெரியாத மாதிரி நடிக்கிறது என்ன பெரிய வித்தையா?” என்றார். ஒரு மொழி தெரியும் என்றால் பேசிக் காட்டிவிடலாம். தெரியாது என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? மூன்று தடவை யோசித்துவிட்டேன், வழி தெரியவில்லை.

இப்போது தலைமை அலுவலகத்துப் பரிசோதகர் வந்திருக்கிறார். பக்கத்து அறையில் தம்பியை ஆங்கிலத்தில் பேச வைத்துப் பார்ப்பார். பதிவில் உள்ளதுபோல் பேசிவிட்டால் இருவரையும் விட்டுவிடுவார்களாம். இல்லையென்றால் அவன் இனி எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது, வழக்கும் இருவர் மேலும் வரும். ஜீப்பில் ஏறியதிலிருந்து அவன் வாய் திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினான். அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன், தைரியம் வரும் என்று கேட்டுப் பார்த்தேன். “நீ பக்கத்துல இருந்தா, அப்புறம் அதையும் நீதான் பேசினேன்னு சொல்லுவாங்க தம்பி” என்று ஏட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் கேள்வி கேட்கும் சத்தம் வருகிறது. கஷ்டமான கேள்வி இல்லை, பெயரைத்தான் கேட்கிறார்கள். மறுபடியும் அதையே கேட்கிறார்கள். என் குரல் அங்கே கேட்டுவிடப் போகிறது, மெதுவாகச் சொல்லு என்று எழுதுகிறவர் என்னை அதட்டினார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தவை, எதையும் கூட்டவோ மறைக்கவோ இல்லை. இதில் நான் கையெழுத்துப் போடும் இந்த நேரம் வரை பக்கத்து அறையிலிருந்து பதில் வரவில்லை.

(ஒப்பம்)