நூறாவது துளி

ராத்திரி பத்தரை மணி. கோவில்பத்திலிருந்து பூவம் போகிற ரோடு. ஆள் இல்லை, நாய்கூட இல்லை... சைக்கிள் செயின் உராய்கிற சத்தம் மட்டும். கிரிச்... கிரிச்...

நெருங்கி உட்காருங்கள். நம் நடராசனின் பெரியம்மா மகள் தையல்நாயகிக்கு எண்பத்தாறாம் வருஷம் நடந்தது இது.

டாக்டர் பட்டத்துக்கு ஏழு வருஷமாக மாரடித்துக்கொண்டிருந்தாள் அவள். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான தங்கத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதை வைத்து யானைக்கால் நோயைக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. மஞ்சளாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு பொடியானால் தங்கம் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு. அந்த நோயின் புழு பகலெல்லாம் நுரையீரலில் பதுங்கிக்கொண்டு, ராத்திரியில்தான் விரல்நுனி ரத்தத்துக்கு வரும். அதனால் ரத்தம் எடுப்பதும் ராத்திரியில்தான். அவளுடைய தங்கம் பலித்தால் இனி யாரும் இப்படி அலைய வேண்டாம்.

பலிக்கிறது என்று காட்ட நூறு பேர் ரத்தம் வேண்டும். தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டது. இன்னும் நாலு நாளில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் வீண்.

வீடு காட்டக் கூட வருகிற உள்ளூர்க்காரர் அம்பலவாணனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். தனியாகப் போனாள். கால் கெஞ்சியது, கண் எரிந்தது. காலையில் தின்ற இரண்டு இட்லிதான் வயிற்றில். எந்த வீடானாலும் சரி, ஒரு சொட்டு கிடைத்தால் போதும் என்றிருந்தது பாவம் அவளுக்கு.

ரோட்டோரம் ஒரு தனி வீடு. ஜன்னலில் சிம்னி விளக்கு. வாசலில் நிற்கும்போதே ஓடிகொலோன் வாசனை... அதற்கு அடியில் ஈர மண் வாசனை. அவள் கூப்பிடவே இல்லை. கதவு திறந்தது.

கிழவர். தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பதக்கம்.

"வாங்கம்மா. கொன்சுலாவுலேருந்துதானே வர்றீங்க?"

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட பகுதி அது. அவன் பென்ஷன் வாங்குகிறவர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் ஒரு தாள் அனுப்ப வேண்டும். இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக வந்த தூதரகத்து ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லை ஐயா என்று சொல்லி, புழு, தங்கம் என்று முதலிலிருந்து விளக்க அவளிடம் தெம்பில்லை.

"ஆமாங்க ஐயா," என்றாள். "ஒரு சொட்டு ரத்தம் வேணுங்க."

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா மொதல்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ழூல்ங்கற இந்தக் கிழவன் உயிரோட இருக்கான்னு. மூணு வருஷமா ஒருத்தரும் போட மாட்டேங்குறாங்கம்மா."

தாள் முழுக்கப் பிரெஞ்சு. அவர் விரல் வைத்த இடத்தில் போட்டாள். நிப்பு தாளைக் கீறியது... சர்ர்ர். உடனே கிழவர் மூச்சை இழுத்தார். நீளமாக... நெஞ்சு விம்ம. அதுவரை அவர் மூச்சே விடவில்லை என்பது திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

விரலை நீட்டினார். நல்ல சூடு. குத்தின மாத்திரத்தில் ரத்தம் வந்தது.

காலையில் அம்பலவாணன் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, பூவம் ழூலா? அவரு போயி மூணு வருஷமாச்சே! அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். வீடு பூட்டிக் கெடக்குது."

அவளுக்குப் பயப்படக்கூட நேரமில்லை. நூறாவது துளியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சோதனைக்கு முன்னால் தினமும் ஒரு சரிபார்ப்பு உண்டு. அந்தச் சிவப்புத் தண்ணீரில் உப்பு விட்டால் நீலமாகிவிடும். முன்னதாக மனுஷ ரத்தத்தின் தெளிநீர் கொஞ்சம் சேர்த்திருந்தால் ஆகாது. ரத்தம் தங்கத்தைக் காப்பாற்றிவிடும். யார் ரத்தமானாலும் சரி.

கிழவர் ரத்தம் ஒரு குழாயில். ஒப்பிட, வழக்கம்போலத் தன் ரத்தம் இன்னொன்றில். இரண்டிலும் உப்பு விட்டாள்.

கிழவருடையது சிவப்பாகவே நின்றது. அவளுடையது... நீலம்.

குழாயைக் கழுவி, மறுபடி குத்திக்கொண்டு பார்த்தாள். நீலம். இடது கை விரலில் எடுத்தாள். அதுவும் நீலம். வெறும் தண்ணீர் விட்டால் எப்படி ஆகுமோ, அப்படி.

நேர்மையான பெண். நோட்டில் அப்படியே எழுதினாள். அப்புறம் டைப் அடிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நாலாம் நாள் ஆய்வேட்டைக் கொடுத்தாள். அந்த ஒரு வரியைக் கைப்பிழை என்று ஒதுக்கிவிட்டு, பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் பிற்பாடு பட்டத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் கவனித்தாள். நாலு நாளாகத் தூங்கவில்லை. சாப்பிடவில்லை. ஒரு கொட்டாவி வரவில்லை... பசி இல்லை, கால்வலி இல்லை. ஏழு வருஷக் களைப்பு உடம்பில் எங்கேயும் இல்லை. பாயை விரித்துப் படுத்துப் பார்த்தாள். விடியும்வரை கண் கொட்டவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறம் ஒரு ராத்திரியும்.

பூவத்து வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டில் துரு ஏறிவிட்டது. ராத்திரி அந்த ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவதில்லை. உள்ளேயிருந்து சத்தம் வருகிறதாம்...

குறட்டை. அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற ஒரு பெண்ணின் குறட்டை.